பையனுக்குப் பந்து, பெண்பிள்ளைக்கு ஊசி மெத்தை: சிறுவர் நூல்கள் விற்கப்பட்ட கதை



'ஆண் பெண் சமத்துவம்' என்ற தலைப்பில் கட்டுரை எழுதச் சொன்னால் நம் மாணவர்கள் எங்கே தொடங்குவார்கள் என்று உங்களுக்கே தெரியும். அடுப்பங்கரை, பெண் கல்வி, சம்பளம், பாரதியார், முடிவுரை. அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் ஐம்பது தாளைத் திருத்துகிற ஆசிரியருக்கு ஐம்பதும் ஒரே தாள் மாதிரிதான் தெரியும். அதனால் இந்தத் தடவை கொஞ்சம் வேறு பக்கம் போய்ப் பார்ப்போம். நீங்கள் நாள்தோறும் கையில் எடுக்கிற ஒரு பொருளின் வரலாறு இது. சிறுவர் புத்தகம். அதற்குள் என்ன எழுதியிருக்கிறது என்பதைக் காட்டிலும், அதை யாருக்கு என்று சொல்லி விற்றார்கள் என்பதுதான் இங்கே நம் கேள்வி.

கதை பெரும்பாலும் இங்கிலாந்தில் நடக்கிறது, கொஞ்சம் அமெரிக்காவிலும். ஆனால் அந்த ஊர்ப் புத்தகங்கள் கப்பலேறி மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்தவை. நம் பள்ளி நூலக அலமாரிகளில் இன்றும் அவை இருக்கின்றன. ஆகவே இது நமக்குச் சம்பந்தமில்லாத கதை இல்லை.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். 'வார்ப்புரு எண்ணம்' என்றால், ஒரு கூட்டத்தைச் சேர்ந்த எல்லாரும் இப்படித்தான் இருப்பார்கள் என்று ஒரே அச்சில் வார்த்து வைத்த எண்ணம். "பையன்னா பந்து விளையாடுவான், பொண்ணுன்னா பொம்மை வெச்சு விளையாடுவா" என்று வீட்டில் பேச்சோடு பேச்சாகச் சொல்லுவோமே, அதுதான். அது பேச்சாக இருக்கும்வரை ஒரு மாதிரி. அட்டையில் அச்சேறி, விலை ஒட்டி, கடையில் தனி அலமாரியும் பிடித்துக்கொண்டால் வேறு மாதிரி.

ஒரு புத்தகம், இரண்டு பொம்மை

லண்டனில் ஜான் நியூபெரி என்று ஒரு வணிகர் இருந்தார். அச்சுத்தொழில், புத்தகக் கடை, பத்திரிகை, காய்ச்சல் மருந்து என்று எது விற்குமோ அதையெல்லாம் விற்றவர். 1744இல் 'எ லிட்டில் பிரிட்டி பாக்கெட் புக்' என்ற சின்னஞ்சிறு நூலை வெளியிட்டார். அதற்கு முன்பு குழந்தைகளுக்கென்று வந்த நூல்களில் பெரும்பாலானவை பாடமும் சமய போதனையும்தான். விளையாட்டையும் பாட்டையும் படங்களையும் சேர்த்து, குழந்தைக்கு மகிழ்ச்சி தருவதே நோக்கம் என்று சொல்லி விற்ற நூல்களில் இது முன்னோடி. சிறுவர் நூல் வணிகத்தின் தொடக்கத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பலரும் இந்த நூலைத்தான் காட்டுவார்கள். அமெரிக்க நூலகச் சங்கம் 1922 முதல் ஆண்டுதோறும் வழங்கிவரும் நியூபெரி விருது இவர் பெயரில் அமைந்ததுதான்.

இனி விஷயத்துக்கு வருவோம். நூல் மட்டும் வேண்டுமென்றால் விலை 6 பென்ஸ். 8 பென்ஸ் கொடுத்தால் கூடவே ஒரு பொருளும் கிடைக்கும். பையனாக இருந்தால் ஒரு பந்து. பெண்பிள்ளையாக இருந்தால் குண்டூசி குத்திவைக்கிற சிறிய பஞ்சு மெத்தை. இரண்டுக்கும் ஒரு பக்கம் சிவப்பு, மறு பக்கம் கறுப்பு. நல்லது செய்தால் சிவப்புப் பக்கத்தில் ஒரு ஊசி குத்த வேண்டும். குறும்பு செய்தால் கறுப்புப் பக்கத்தில் குத்த வேண்டும். சிவப்பில் பத்து ஊசி சேர்ந்தால் ஒரு பென்னி பரிசு. கறுப்பில் பத்து சேர்ந்தால் பிரம்பு.

நூலுக்குள் இரண்டு கடிதங்கள் இருக்கின்றன. அரக்கர்களைக் கொன்ற ஜாக் என்ற கதைமாந்தர் எழுதியதாகக் கற்பனை. ஒன்று டாமி என்ற பையனுக்கு, இன்னொன்று பாலி என்ற பெண்ணுக்கு. இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தால், கிட்டத்தட்ட ஒரே கடிதம்தான். அதே அறிவுரை, அதே சிவப்பு கறுப்பு கணக்கு, அதே ஒரு பென்னி. பந்தும் ஊசி மெத்தையும்தான் மாறுகின்றன. இந்த இடத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். படிப்பதற்குக் கொடுத்தது இருவருக்கும் ஒன்றே. பிரிவு வந்தது விற்பனைப் பொருளில். ஊசி குத்துவதற்குப் பந்தும் ஒன்றுதான், மெத்தையும் ஒன்றுதான். ஆனால் கணக்கு முடிந்த பிறகு பையன் பந்தை எடுத்துக்கொண்டு வெளியே ஓடலாம். மெத்தையை வைத்திருக்கிறவள் எங்கே போவாள்? தையல் பெட்டி பக்கம்தான்.

நியூபெரியைக் கெட்டவர் என்று சொல்ல வரவில்லை. 1765இல் அவர் வெளியிட்ட 'கூடி டூ ஷூஸ்' கதையின் நாயகி மார்ஜரி என்ற அநாதைச் சிறுமி. மரத்தில் எழுத்துகளைச் செதுக்கி, வீடு வீடாகக் கொண்டுபோய்ப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிப்பாள். பிறகு ஒரு பள்ளியையே நடத்துவாள். ஆசிரியர்கள் நாம் அவளை நம் கூட்டத்தில் சேர்த்துக்கொள்ளலாம். அந்தக் கதையிலேயே, மார்ஜரியின் அப்பா இறந்தது ஒரு குறிப்பிட்ட காய்ச்சல் மருந்து கிடைக்காத ஊரில் என்று ஒரு வரி வரும். அந்த மருந்தை விற்றவர் யார்? சாட்சாத் நியூபெரியேதான்! கதைக்கு நடுவே விளம்பரம் நுழைப்பது யூடியூப் காலத்துப் பழக்கம் என்று நினைத்துக்கொண்டிருக்கும் மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

பரிசுப் புத்தகமும் இரண்டு பத்திரிகைகளும்

அடுத்த நூறு ஆண்டுகளை வேகமாகக் கடந்துவிடலாம். 1870இல் இங்கிலாந்தில் தொடக்கக் கல்விச் சட்டம் வந்தது. ஏழை வீட்டுப் பிள்ளைகளும் எழுத்துக் கூட்டத் தொடங்கினார்கள். இலட்சக்கணக்கில் புது வாசகர்கள். ஆனால் அவர்கள் கையில் காசு ஏது? புத்தகத்தை வாங்கியது பெரியவர்கள்தான். அதிலும் பள்ளிகளும் ஞாயிறு வேதப் பள்ளிகளும் பரிசளிப்புக்காக மொத்தமாக வாங்கின. ஒழுங்காகப் பள்ளிக்கு வந்ததற்கு ஒரு நூல், நல்ல நடத்தைக்கு ஒரு நூல். பதிப்பகங்களும் இதற்கென்றே பட்டியல் போட்டன. இந்த விலையில் பையன்களுக்கு இவை, இந்த விலையில் பெண்பிள்ளைகளுக்கு இவை என்று.

அந்தப் பிரிவினையால் யாருக்கு வசதி? படிக்கிற பிள்ளைக்கு இல்லை. முப்பது பேருக்குப் பரிசு வாங்க வேண்டிய, அந்த முப்பது பேரில் பாதிப் பேரின் விருப்பம் என்னவென்று தெரியாத ஆசிரியருக்குத்தான் வசதி. நம் பள்ளிப் பரிசளிப்பு விழாவுக்கு முந்தின வாரம் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் 'ஆ', 'பெ' என்று குறித்துவிட்டு, கடைக்காரரிடம், "ஆண் பிள்ளைங்களுக்குப் பதினஞ்சு, பெண் பிள்ளைங்களுக்குப் பதினஞ்சு, நீங்களே பாத்துக் கட்டிக் கொடுங்க" என்று சொல்லிவிடுகிற வழக்கம் விக்டோரியா ராணி காலத்தோடு முடிந்துவிடவில்லை.

லண்டனில் சமயப் பிரசுரங்கள் வெளியிட்டுவந்த ரிலிஜியஸ் டிராக்ட் சொசைட்டி, 1879 ஜனவரியில் 'பாய்ஸ் ஓன் பேப்பர்' என்ற வார இதழைத் தொடங்கியது. ஒரு பென்னிக்கு விற்ற மலிவான கொலை, கொள்ளைக் கதைகளிலிருந்து பையன்களை மீட்பது நோக்கம். அது நன்றாக ஓடவே, ஓராண்டில், 1880 ஜனவரியில், 'கேர்ள்ஸ் ஓன் பேப்பர்' வந்தது. முன்னதில் கடல் பயணம், வேட்டை, விளையாட்டு, அறிவியல். பின்னதில் கதைகளோடு தையல், சமையல், உடல்நலம். ஆனால் பெண்களின் உயர்கல்வி பற்றியும் வேலை பற்றியும் அதில் கட்டுரைகள் வந்தன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வரலாறு எழுதும்போது ஒரு பக்கத்தை மட்டும் காட்டினால் மதிப்பெண் குறையும்.

பையன்களுக்கான சாகசக் கதை எழுதியவர்களில் ஜி. ஏ. ஹென்டி பெரிய பெயர். பேரரசின் போர்கள் நடந்த இடமெல்லாம் அவருக்குக் கதைக்களம். 'அமங் மலாய் பைரேட்ஸ்' என்றே அவருக்கு ஒரு கதை உண்டு. ஆக, நம் வட்டாரம் ஆங்கிலேயப் பையன்களுக்கு வீரம் காட்டுகிற மேடையாக இருந்திருக்கிறது. இதற்கு ஈடாகப் பெண்பிள்ளைகளுக்கு பெஸ்ஸி மார்ச்சன்ட் என்ற பெண் எழுத்தாளர் சாகசக் கதைகள் எழுதினார். நூற்றுக்கும் மேற்பட்ட நூல்கள். கதைகள் உலகம் முழுக்கச் சுற்றும். அவரோ இங்கிலாந்தை விட்டு வெளியே போனதே இல்லை.

ஆர். எல். ஸ்டீவன்சன் 1881இல் 'ட்ரெஷர் ஐலண்ட்' எழுதத் தொடங்கியபோது, மாற்றான் மகனான ஒரு சிறுவனுக்குக் கதை சொல்வதாகத்தான் ஆரம்பித்தார். பையன்கள் கதை என்பதால் பெண்களை விலக்கிவிட்டதாக அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். அந்தக் கதையில் ஜிம்மின் அம்மாவைத் தவிர சொல்லும்படியான பெண் பாத்திரம் கிடையாது. அதற்கு முன்பே அமெரிக்காவில் லூயிசா மே ஆல்காட்டிடம் அவருடைய பதிப்பாளர், பெண்பிள்ளைகளுக்கு ஒரு கதை எழுதித் தாருங்கள் என்று கேட்டார். ஆல்காட்டுக்கு அதில் பெரிய ஆர்வம் இல்லை. தன் சகோதரிகளைத் தவிர பெண்பிள்ளைகளை அதிகம் தெரியாது என்றுகூடக் குறித்து வைத்தார். சரி, தெரிந்த சகோதரிகளையே எழுதுவோம் என்று எழுதியதுதான் 1868இல் வந்த 'லிட்டில் விமன்'. சந்தை ஒரு பெட்டியைக் காட்டி, "இதுக்குள்ள எழுதுங்க" என்றது. அவர் அதற்குள் ஜோ என்ற, எந்தப் பெட்டியிலும் அடங்காத பெண்ணை வைத்துக் கொடுத்தார்.

பிள்ளைகள் என்ன படித்தார்கள்?

இதுவரை பார்த்தது விற்றவர்கள் தரப்பு. படித்தவர்கள் தரப்பு என்ன? நல்லவேளையாக ஒரு சான்று இருக்கிறது. 1880களில் இங்கிலாந்துப் பள்ளி மாணவர்களிடம் சார்ல்ஸ் வெல்ஷ் என்பவர் வாசிப்பு பற்றிக் கேள்விகள் அனுப்பிப் பதில் திரட்டினார். எட்வர்ட் சால்மன் என்ற எழுத்தாளர் அந்தப் பதில்களை ஆராய்ந்து 1888இல் சிறுவர் இலக்கியம் பற்றிய தன் நூலில் எழுதினார். பதில் சொன்ன பெண்பிள்ளைகள் ஏறக்குறைய 1,000 பேர். அவர்களுக்கு மிகப் பிடித்த எழுத்தாளர் யார் தெரியுமா? சார்ல்ஸ் டிக்கன்ஸ். அடுத்தவர் வால்டர் ஸ்காட். பெண்பிள்ளைகளுக்கென்று தனியாக எழுதியவர்கள் அவர்களுக்குப் பின்னால்தான் வந்தார்கள். பிடித்த இதழ்களில் 'கேர்ள்ஸ் ஓன் பேப்பர்' முன்னால் இருந்தாலும், 'பாய்ஸ் ஓன் பேப்பர்' பெயரையும் பல பெண்பிள்ளைகள் எழுதியிருந்தார்கள். அண்ணன் தம்பியிடமிருந்து வாங்கிப் படித்திருப்பார்கள்.

சால்மனே பெண்பிள்ளைகளுக்குத் தனி நூல் வேண்டும் என்ற கருத்து உள்ளவர். அப்படிப்பட்டவர் கையிலேயே இந்த முடிவு கிடைத்தது என்பதுதான் இதில் ருசியான செய்தி. பிரிவு இயற்கையானது என்றால் பிள்ளைகள் ஏன் வேலி தாண்ட வேண்டும்? ஒன்றைக் கவனியுங்கள். தாண்டியவர்கள் பெண்பிள்ளைகள். பையன்கள் பெண்பிள்ளைகள் நூலைத் தாண்டி வந்து எடுத்தால் கேலி. அந்தக் கேலி இன்றைக்கும் நம் வகுப்பறையில் இருக்கிறது.

அமெரிக்காவில் எட்வர்ட் ஸ்ட்ராட்மையர் இந்த வேலியை வைத்தே தொழிற்சாலை நடத்தினார். கதைச் சுருக்கத்தை அவர் நிறுவனம் கொடுக்கும். ஒரு தொகைக்கு யாரோ எழுதித் தருவார்கள். அட்டையில் ஒரு கற்பனைப் பெயர் இருக்கும். 1927இல் பையன்களுக்கு 'ஹார்டி பாய்ஸ்'. 1930இல் பெண்பிள்ளைகளுக்கு 'நான்சி ட்ரூ'. தானே கார் ஓட்டி, தானே துப்பறிகிற பதினாறு வயதுப் பெண் நான்சி. ஆரம்ப நூல்களை எழுதியவர் மில்ட்ரெட் வர்ட். ஒரு நூலுக்கு 125 டாலர் சம்பளம். 1980இல் ஒரு வழக்கு நீதிமன்றத்துக்கு வந்தபோதுதான் அவர் பெயர் பரவலாக வெளியே தெரிந்தது. பெட்டிக்குள்ளே நல்ல சரக்கும் வந்திருக்கிறது என்பதற்கு நான்சி நல்ல எடுத்துக்காட்டு. ஆனால் எத்தனை பையன்கள் அவளைக் கையில் எடுத்திருப்பார்கள்?

பீட்டரும் ஜேனும்

இப்போது நமக்கு நன்றாகத் தெரிந்த இருவரிடம் வருவோம். லேடிபர்ட் பதிப்பகம் 1964இல் வெளியிடத் தொடங்கிய ஆங்கில வாசிப்பு வரிசை, 'பீட்டர் அண்ட் ஜேன்'. நம் நாட்டில் ஆங்கிலம் படித்த பல தலைமுறைகளுக்கு இந்த அண்ணன் தங்கைதான் முதல் நண்பர்கள். உங்கள் வீட்டிலும் ஒன்றிரண்டு இருக்கலாம்.

வரிசையை உருவாக்கியவர் வில்லியம் மரே என்ற கல்வியாளர். அவர் செய்தது அருமையான வேலை. ஆங்கிலத்தில் நாம் படிப்பதில் கால் பங்கு வெறும் 12 சொற்களால் ஆனது. 100 சொற்கள் தெரிந்தால் பாதியைப் படித்துவிடலாம். 300 தெரிந்தால் முக்கால் பங்கு என்பது அவருடைய கணக்கு. அந்தச் சொற்களைத் திரும்பத் திரும்ப வரச்செய்து 12 படிநிலைகள், படிக்கு மூன்று நூல், மொத்தம் 36 நூல்கள். மொழி கற்பிக்கிற எவரும் பொறாமைப்படுகிற திட்டம்.

ஆனால் திரும்பத் திரும்ப வந்தது சொல் மட்டும் இல்லை, படமும்தான். முதல் பதிப்பில் ஜேன் அம்மாவோடு வீட்டு வேலை செய்வாள். பீட்டர் அப்பாவோடு காரைக் கவனிப்பான். ஒரு தடவை பார்த்தால் ஒரு குடும்பத்தின் காட்சி. முப்பது தடவை பார்த்தால் உலகமே அப்படித்தான் என்று ஆகிவிடும். எழுத்து மனத்தில் பதிவதற்காக மரே கண்டுபிடித்த அதே வழியில் இதுவும் பதிந்தது. 1970களில் பதிப்பகமே படங்களைத் திருத்தியது. ஜேன் ஜீன்ஸ் போட்டாள். அப்பா வீட்டு வேலையில் கொஞ்சம் கூடுதலாகக் கைகொடுத்தார். பழைய பதிப்பும் புதிய பதிப்பும் உங்கள் பள்ளியில் இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அதைவிட நல்ல வரலாற்றுப் பாடம் கிடையாது.

அந்தத் திருத்தம் தானாக வந்துவிடவில்லை. 1972இல் சமூகவியலாளர் லெனோர் வைட்ஸ்மனும் அவருடைய குழுவும், அமெரிக்காவில் கால்டிகாட் விருது பெற்ற படநூல்களை எடுத்து எண்ணிப் பார்த்தார்கள். ஆண் படங்கள் 11 என்றால் பெண் படம் 1. விலங்குப் பாத்திரங்களை எடுத்துக்கொண்டால் 95க்கு 1. கரடி, முயல், யானை எல்லாம் 'அவன்'தான்! பிறகு 2011இல் ஜேனிஸ் மெக்கேப் தலைமையில் ஒரு குழு, 1900 முதல் 2000 வரை வெளிவந்த 5,618 நூல்களை ஆராய்ந்தது. ஆண் மையப் பாத்திரமாக இருந்த நூல்கள் 57 விழுக்காடு. பெண் மையப் பாத்திரமாக இருந்தவை 31 விழுக்காடு. இடைவெளி மிகப் பெரிதாக இருந்தது 1930களிலிருந்து 1960கள் வரை. அதாவது பீட்டரும் ஜேனும் பிறந்த காலம். மாணவர்களே, கட்டுரையில் எண் பயன்படுத்த வேண்டுமென்றால் இந்த மாதிரி எண்ணைப் பயன்படுத்துங்கள். யார் எண்ணியது, எதை எண்ணியது, எந்த ஆண்டு என்று சொல்ல முடிகிற எண். 'பெரும்பாலான ஆய்வுகள் கூறுகின்றன' என்று எழுதினால் அது எண் இல்லை, புகை.

2014: "புத்தகம் புத்தகமாகவே இருக்கட்டும்"

1970களில் கொஞ்சம் சரியாகிவிட்டது, அப்புறம் நேராக முன்னேற்றம்தான் என்று எழுதத் தோன்றும். நடந்தது அப்படி இல்லை. 1990களிலும் 2000களிலும் கடைகள் திரும்பவும் இளஞ்சிவப்பு, நீலம் என்று இரண்டாகப் பிரிந்தன. கணக்கு எளிது. ஒரு வீட்டில் அக்காவும் தம்பியும் இருந்தால், அக்காவின் நீல நிறமற்ற புத்தகம் தம்பிக்கு ஆகாது என்று ஆக்கிவிட்டால், இரண்டாக விற்கலாம்.

2006இல் 'த டேஞ்சரஸ் புக் ஃபார் பாய்ஸ்' வந்தது. மரத்தில் வீடு கட்டுவது, முடிச்சுப் போடுவது, புகழ்பெற்ற போர்கள், இலக்கணம்கூட. உண்மையில் சுவையான நூல். மரவீடு கட்டக் கை இரண்டு வேண்டும். பையனாக இருக்க வேண்டுமா என்ன? மறு ஆண்டே 'த டேரிங் புக் ஃபார் கேர்ள்ஸ்' வந்துவிட்டது. வண்ணம் தீட்டும் நூல்களில் ஒரு ஜோடி இன்னும் வெளிப்படை. பையன்களுக்கானதன் பெயரில் 'பிரில்லியன்ட்'. பெண்பிள்ளைகளுக்கானதன் பெயரில் 'பியூட்டிஃபுல்'. அவன் கெட்டிக்காரன், அவள் அழகி. அகராதி பார்க்காமலே பிள்ளைக்குப் புரிந்துவிடும்.

இதைக் கேள்வி கேட்டவர்கள் பெற்றோர்கள். பொம்மைக் கடைகளில் இருந்த 'பையன்', 'பெண்' பலகைகளை எடுக்கச் சொல்லி இங்கிலாந்தில் 2012இல் 'லெட் டாய்ஸ் பி டாய்ஸ்' என்ற இயக்கத்தைத் தொடங்கியிருந்தார்கள். 2014 மார்ச்சில், உலகப் புத்தக நாளையொட்டி, அதே குழு 'லெட் புக்ஸ் பி புக்ஸ்' என்று அடுத்த கோரிக்கையை வைத்தது. எந்த நூலையும் தடை செய்யச் சொல்லவில்லை. தேவதைக் கதையை நிறுத்தச் சொல்லவில்லை. இளஞ்சிவப்பை ஒழிக்கச் சொல்லவில்லை. அட்டையிலிருந்து 'பையன்களுக்கு', 'பெண்பிள்ளைகளுக்கு' என்ற சொற்களை எடுங்கள், அவ்வளவுதான். வாதக் கட்டுரை எழுதுகிறவர்கள் இந்த அளவைக் கவனிக்க வேண்டும். எதிர்த்தரப்பு சொல்லாததைச் சொன்னதாக வைத்துக்கொண்டு வாதாடுவது எளிது, நேர்மை இல்லை.

அப்போது இங்கிலாந்தின் சிறுவர் இலக்கிய அரசவை எழுத்தாளராக இருந்த மலோரி பிளாக்மன், அரசவைக் கவிஞர் கேரல் ஆன் டஃபி, பிலிப் புல்மன் எனப் பெரிய பெயர்கள் ஆதரவு தெரிவித்தன. உஸ்போர்ன், பாரகன் ஆகிய பதிப்பகங்கள் இனி அப்படித் தலைப்பிட மாட்டோம் என்றன. 'இண்டிபென்டன்ட் ஆன் சண்டே' ஞாயிறு இதழின் இலக்கிய ஆசிரியர் கேட்டி கெஸ்ட், ஒரு பாலாரை மட்டும் குறிவைத்து விற்கப்படும் சிறுவர் நூல்களுக்கு இனி எங்கள் பக்கத்தில் மதிப்புரை கிடையாது என்று அறிவித்தார். அதே ஆண்டு நவம்பரில் லேடிபர்டும் இணைந்தது. ஆம், பீட்டர், ஜேன் வெளியிட்ட அதே லேடிபர்ட்.

இணங்காதவர்களும் உண்டு. 'பஸ்டர் புக்ஸ்' வரிசையை நடத்திய பதிப்பாளர் மைக்கல் ஓமாரா, நாங்கள் தொடர்ந்து வெளியிடுவோம் என்று வெளிப்படையாகவே சொன்னார். அவர் காரணம் சாதாரணமானது: இணையக் கடையில் மக்களே 'பையன்களுக்கான புத்தகம்', 'பெண்பிள்ளைகளுக்கான புத்தகம்' என்று தட்டச்சு செய்துதான் தேடுகிறார்கள். இந்தப் பதிலை நான் மதிக்கிறேன். நியூபெரி காலத்திலிருந்து யாரும் இவ்வளவு நேராகச் சொன்னதில்லை. தேடுகிறவர் யார் என்று பாருங்கள். ஏழு வயதுப் பிள்ளையா? இல்லை. பிறந்தநாள் விருந்துக்குப் போக அரைமணி நேரம் இருக்கும்போது, அந்தப் பிள்ளையைப் பற்றி ஆணா பெண்ணா என்பதைத் தவிர வேறெதுவும் தெரியாத மாமாவோ அத்தையோதான். லேபிள் அவர்களுக்கான உதவி. அதன் விலையைக் கொடுப்பது பிள்ளை.

ஆனால் பையன்கள் படிப்பதே இல்லையே!

ஆசிரியர்கள் பலர் இங்கே ஒரு கேள்வி கேட்பார்கள். "எல்லாம் சரிதாங்க. எங்க பள்ளியில பையன் புத்தகத்தைத் தொட்டாலே பெரிய விஷயம். கார், ரோபோன்னு படம் போட்டு, இது உனக்குன்னு சொன்னாத்தான் எடுப்பான். அதையும் எடுத்துட்டா?" நியாயமான கேள்வி. 2018 பீசா மதிப்பீட்டில், ஓஇசிடி நாடுகளின் சராசரியில் பெண்பிள்ளைகள் வாசிப்பில் பையன்களைவிட 30 புள்ளிகள் முன்னால் இருந்தார்கள். பையன்கள் பின்தங்குவது கற்பனை இல்லை.

ஆனால் அந்த லேபிள்தான் மருந்து என்றால், பையன்களுக்கென்றே பத்திரிகையும் நூலும் வந்து 130 ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் நோய் ஏன் தீரவில்லை? என் கருத்து இது. 'இது உனக்கு' என்று பத்து நூலைக் காட்டும்போது, மீதி அலமாரி முழுவதும் 'இது உனக்கு இல்லை' என்றும் சேர்த்தே சொல்லிவிடுகிறோம். பெண்பிள்ளை வேலி தாண்டினால் சுட்டி என்பார்கள். பையன் தாண்டினால் என்ன சொல்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும். ஆகவே லேபிள் சுருக்குவது பையனின் அலமாரியைத்தான் அதிகம். கார் படம் போட்ட நூல் இருக்கட்டும், நன்றாக இருக்கட்டும். 'கார் பிடித்தவர்களுக்கு' என்று அலமாரியில் எழுதி வைத்தால் என்ன குறைந்துவிடும்?

இந்தப் பயம் எழுத்தாளர் பெயரையும் விட்டுவைக்கவில்லை. 1997இல் 'ஹாரி பாட்டர்' முதல் நூல் வந்தபோது, பெண் எழுதியது என்று தெரிந்தால் பையன்கள் எடுக்க மாட்டார்கள் என்று பதிப்பகம் நினைத்தது. ஜோவான் ரௌலிங் 'ஜே. கே. ரௌலிங்' ஆனார். அவருக்கு இரண்டாவது பெயரே கிடையாது. பாட்டி கேத்லீன் பெயரிலிருந்து 'கே' எழுத்தைக் கடன் வாங்கினார். சில மாதங்களிலேயே அவர் பெண் என்று உலகத்துக்கே தெரிந்துவிட்டது. பையன்கள் படிப்பதை நிறுத்தினார்களா?

இன்னொரு திருப்பம். 2016இல் இணையத்தில் நிதி திரட்டி வெளிவந்த 'குட் நைட் ஸ்டோரிஸ் ஃபார் ரெபல் கேர்ள்ஸ்' சாதனைப் பெண்களின் வரலாறுகளைச் சொன்னது, உலகெங்கும் விற்றது. நல்ல நூல்தான். 2018இல் வழக்கம்போல் பையன்களுக்கும் ஒரு நூல் வந்தது, மாறுபட்டு நிற்கத் துணிந்த பையன்களுக்கு என்று. நோக்கம் இரண்டிலும் நல்லது. ஆனால் மேரி கியூரியின் கதை பையனுக்கு வேண்டாமா? வார்ப்புருவை உடைக்க வந்த நூலே அதே இரண்டு அலமாரியில் போய் உட்கார்ந்துகொண்டது. இது சரியா தவறா என்று வகுப்பில் வாதம் வையுங்கள். நிச்சயம் இரண்டு அணி கிடைக்கும். அணியை மட்டும் ஆண், பெண் என்று பிரித்துவிடாதீர்கள்!

வகுப்பில் செய்து பார்க்க எளிய வேலை ஒன்று உண்டு. நூலகத்திலிருந்து பத்து நூல்களை எடுத்து, அட்டையைப் பழைய நாளிதழால் மூடிவிடுங்கள். முதல் பக்கத்தை மட்டும் வாசிக்கக் கொடுத்து, யாருக்கு எந்த நூல் தொடர்ந்து படிக்க வேண்டும் போலிருக்கிறது என்று எழுதி வாங்குங்கள். பிறகு உறையைக் கழற்றுங்கள். தேர்ந்தெடுத்ததை மாற்றிக்கொள்ள விரும்புகிறவர்கள் மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லுங்கள். யார் மாற்றுகிறார்கள், ஏன் என்று அவர்களையே எழுதச் சொல்லுங்கள். ஒரு பாட வேளை போதும். நிலாம் பதிவேட்டுக்கும் ஆகும், கருத்து விளக்கக் கட்டுரைக்கும் ஆகும்.

தேர்வு எழுதுகிறவர்களுக்குக் கடைசியாக. நியூபெரியை எழுதினால் 1744, 6 பென்ஸ், 8 பென்ஸ் மூன்றையும் சேர்த்தே எழுதுங்கள். விலை வித்தியாசம்தான் அங்கே சான்று. 2014ஐ எழுதினால், 'எல்லாப் பதிப்பகங்களும் மாறிவிட்டன' என்று எழுதிவிடாதீர்கள். சிலர் மாறினார்கள், ஓமாரா மாறவில்லை. அவர் சொன்ன காரணத்தையும் ஒரு வரியில் எழுதி, அதற்கு உங்கள் பதிலை அடுத்த வரியில் எழுதுங்கள்.